டிரங்குப் பெட்டியும் ஞாயிற்றுக்கிழமைக் கடிதமும்

வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில், 1978 முதல் 1986 வரை மலைமேல் இருந்த ஒரு பன்னாட்டு விடுதிப் பள்ளியில் நான் படித்த நாட்களைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். பள்ளியின் பெயரைக் கேட்டுப் பலர் எழுதியிருக்கிறார்கள். அதைச் சொல்வதாக இல்லை. நான் சொல்லப்போவதில் குறைகளும் உண்டு. நாற்பது ஆண்டுகளில் அந்தப் பள்ளி எவ்வளவோ மாறியிருக்கும். தன் பக்கத்தைச் சொல்ல அது இங்கே இல்லை.

எங்கள் பாட்டனாரின் தகப்பனார், "தோப்பிலிருந்து வெள்ளைக்காரப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு கோடைக்கானலுக்கு ஏறுவோம்" என்று சொல்வாராம். அவ்வளவு பாடுபட்டு மலை உச்சியில் எதற்காகப் பள்ளிகளை வைத்தார்கள்?
– வாசகர் ஒருவர், பெரியகுளம்

உங்கள் வீட்டுக் கதை முழுக்க உண்மையாகவே இருக்கும். மலைப்பாதை போடுவதற்கு முன்னால், ரயிலில் வருகிறவர்கள் இன்று கொடை ரோடு என்று வழங்கும் அம்மையநாயக்கனூரில் இறங்கி, இரவெல்லாம் மாட்டு வண்டியில் பயணம் செய்து, உங்கள் ஊருக்கு அருகில் உள்ள கிருஷ்ணம நாயக்கன் தோப்பை விடியற்காலையில் அடைவார்கள். அங்கிருந்து பத்துப் பன்னிரண்டு மைல் தூரம் செங்குத்தான ஒற்றையடிப் பாதை. பெண்களும் குழந்தைகளும் நாற்காலியிலும் டோலியிலும் அமர்ந்துகொள்ள, மூட்டை முடிச்சுகளோடு அவர்களையும் தோளில் சுமந்து ஏறியவர்கள் உங்கள் ஊரைச் சுற்றியிருந்த மக்கள். முதல் உலகப் போர்க் காலத்தை ஒட்டி லா கணவாய்ச் சாலை வாகனங்களுக்குத் திறந்த பிறகுதான் அந்தத் தோள்களுக்கு ஓய்வு கிடைத்தது.

மலைமேல் ஏறியதற்குக் காரணம் காலராவும் மலேரியாக் காய்ச்சலும். யாழ்ப்பாணத்தில் பணியாற்றிவந்த அமெரிக்க மிஷனரிகள் 1834இல் மதுரையில் ஒரு கிளையைத் தொடங்கினார்கள். மதுரை வெயிலையும் நோயையும் தாங்க முடியாமல் இளவயதிலேயே இறந்தவர்கள் அவர்களில் உண்டு. முதலில் சிறுமலையில் வீடு கட்டிப் பார்த்தார்கள். அங்கேயும் காய்ச்சல் விடவில்லை. பிறகு 1845இல், ஏறத்தாழ 7,000 அடி உயரத்தில், கோடைக்கானலில் முதல் இரண்டு வீடுகளைக் கட்டினார்கள். 1863இல் மதுரைக் கலெக்டராக இருந்த லெவிஞ்சு ஓடைகளுக்கு அணை போட்டு ஏரியை உண்டாக்கினார். கோடை மாதங்களில் பெற்றோர் மலைக்கு வந்து தங்குவதும், மற்ற மாதங்களில் கீழே மிஷன் ஊர்களில் பணியாற்றுவதும் வழக்கமாகிவிட்டதால், குழந்தைகளை ஆண்டு முழுவதும் மேலேயே விட்டுவைக்க ஓர் இடம் தேவைப்பட்டது. 1901இல் ஹைக்ளர்க் என்ற விடுதியில் பதின்மூன்று பிள்ளைகளோடு தொடங்கிய பள்ளிதான் இன்றைய கோடைக்கானல் இன்டர்நேஷனல் ஸ்கூல். முசூரியை அடுத்த லாண்டூரில் உள்ள உட்ஸ்டாக் 1854இலேயே தொடங்கியது. 1899இல் குன்னூரில் தோன்றி இன்று ஊட்டியில் நடக்கும் ஹெப்ரானும் மிஷனரிப் பிள்ளைகளுக்காக ஏற்பட்டதே.

விடுதலைக்குப் பிறகு வெளிநாட்டு மிஷனரிகளின் எண்ணிக்கை குறையக் குறைய, இப்படிப்பட்ட பள்ளிகள் தூதரக அலுவலர்களின் பிள்ளைகளையும், வெளிநாட்டில் வேலை செய்யும் இந்தியர்களின் பிள்ளைகளையும், கட்டணம் கட்ட முடிந்த உள்ளூர் வணிகர்களின் பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ளத் தொடங்கின. "பன்னாட்டு" என்ற அடைமொழி அப்படித்தான் பொருள் மாறி நிலைத்தது. விருதுநகரில் மிளகாய் வற்றல் மண்டி வைத்திருந்த ஒருவரின் மகனான நான் உள்ளே போனதும் அந்த வழியாகத்தான்.

முதல் நாள் என்னென்ன எடுத்துக்கொண்டு போனீர்கள்?
– பள்ளி மாணவி, சிவகாசி

பள்ளியிலிருந்து தட்டச்சு செய்த பட்டியல் ஒன்று வந்திருந்தது. கம்பளி இரண்டு, ஸ்வெட்டர் மூன்று, முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸ் ஒரு ஜோடி, மழைக்கோட்டு, டார்ச் விளக்கு, உள்ளாடை முதல் கைக்குட்டை வரை எல்லாவற்றிலும் பெயர் தைத்த துணிப்பட்டை. விருதுநகரில் ஸ்வெட்டர் விற்கும் கடையைத் தேடி என் தந்தையார் பட்ட பாடு தனிக் கதை. கடைசியில் மதுரைக்குப் போய் வாங்கினார். பெயர்ப்பட்டைகளைத் தைத்தவர் என் பாட்டி. அவருக்கு ஆங்கில எழுத்துத் தெரியாது ஆகையால், பாதிப் பட்டைகளைத் தலைகீழாகத் தைத்துவிட்டார். எட்டு ஆண்டுகளும் சலவைக்காரர் என் சட்டைகளை அந்த அடையாளத்தைக் கொண்டே பிரித்தெடுத்தார்.

இவை எல்லாம் ஒரு கறுப்பு டிரங்குப் பெட்டிக்குள் போயின. பட்டியலில் இல்லாத ஒரு பொருளும் போயிற்று: ஒரு டப்பா நிறைய எள்ளுருண்டை. முதல் இரவே அது அறைத் தோழர்கள் ஐவருக்கும் பங்கிடப்பட்டுக் காலியாயிற்று. அவர்களில் ஒருவன் நைரோபியிலிருந்து வந்த குஜராத்திப் பையன், மற்றொருவன் நேபாளத்தில் மருத்துவராக இருந்த ஒரு நார்வேக்காரரின் மகன். இருவருக்கும் எள்ளுருண்டை புதிது. எனக்கு அவர்களே புதிது.

என் மகளை அடுத்த ஆண்டு ஆறாம் வகுப்பில் இப்படி ஒரு பள்ளியில் சேர்க்கலாம் என்கிறார் என் கணவர். அவள் வீட்டை நினைத்து ஏங்கிப்போவாளோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது. உங்களுக்கு ஏக்கம் இருந்ததா? இருந்தால் எப்படிச் சமாளித்தீர்கள்?
– தாய் ஒருவர், கோயம்புத்தூர்

இருந்தது, அம்மா. பகலில் தெரியாது. மணிக்கு மணி வேலை இருக்கும். விளையாட்டு, பியானோ, மலையேற்றம் என்று ஓடிக்கொண்டே இருப்போம். இரவு ஒன்பது மணிக்கு விளக்கை அணைத்த பிறகு வரும். பத்து வயதுப் பையன்கள் ஆறு பேர் ஓர் அறையில் படுத்திருக்கும்போது, யார் தூங்கவில்லை என்பது மூச்சுச் சத்தத்திலேயே எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் ஒருவரும் பேச மாட்டோம். மறுநாள் காலையில் அதைப் பற்றி ஒரு சொல்லும் எடுக்கக் கூடாது என்பது எழுதப்படாத சட்டம். அது நல்ல சட்டம் என்று நான் இன்றும் நினைக்கவில்லை.

ஏக்கத்தை ஆற்றியிருக்க வேண்டிய ஒன்றே அதை மேலும் பெருக்கியது. ஞாயிற்றுக்கிழமை காலை வழிபாடு முடிந்ததும் எல்லோரும் மேசை முன்னால் அமர்ந்து வீட்டுக்குக் கடிதம் எழுத வேண்டும். எழுதியதை ஒட்டாமல் விடுதிக் கண்காணிப்பாளரிடம் கொடுக்க வேண்டும். அவருக்குத் தமிழ் தெரியாது. ஆகவே ஆங்கிலத்தில் எழுத வேண்டும். என் தந்தையாருக்கு ஆங்கிலம் தெரியாது. கடிதம் விருதுநகருக்கு வந்ததும் மண்டியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்த குமாஸ்தா அதைப் பிரித்து, வாடிக்கையாளர்களும் மூட்டைத் தூக்குபவர்களும் கேட்டுக்கொண்டிருக்க, வரிக்கு வரி தமிழில் சொல்வார். முதல் விடுமுறையில் இதைத் தெரிந்துகொண்டேன். அதன் பிறகு, படிக்கப்போகும் கண்காணிப்பாளரையும் கேட்கப்போகும் மண்டியையும் மனத்தில் வைத்துக்கொண்டு, "நான் நலம், இங்கே மழை பெய்கிறது, கணக்கில் 78 மதிப்பெண்" என்பதற்கு மேல் எதையும் எழுதவில்லை. எட்டாண்டுக் கடிதங்களை என் தாயார் ஒரு பையில் போட்டு வைத்திருந்தார். அவர் மறைந்த பிறகு எடுத்துப் பார்த்தேன். மழையைப் பற்றி அவ்வளவு எழுதிய பையனை எங்கும் பார்க்க முடியாது.

இன்றைய பள்ளிகளில் தொலைபேசி உண்டு, முகம் பார்த்துப் பேசும் வசதியும் உண்டு. உங்கள் மகளுக்கு நான் பட்டது நேராது. இருந்தாலும் அவள் பக்கத்தில் யாரும் இல்லாமல், உங்களோடு உங்கள் மொழியில் பேச வாரத்தில் எத்தனை முறை விடுவார்கள் என்று பள்ளியில் கேளுங்கள். இரவில் அந்த மாடியில் யார் படுக்கிறார்கள், ஒருவர் எத்தனை பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறார், காய்ச்சல் வந்தால் எத்தனை மணி நேரத்தில் உங்களுக்குச் சொல்வார்கள் என்றும் கேளுங்கள். நீச்சல் குளத்தையும் நூலகத்தையும் அவர்கள் தாமாகவே காட்டுவார்கள். ஆறாம் வகுப்பு மிகவும் முன்கூட்டியது என்பதே என் கருத்து. எட்டு அல்லது ஒன்பதாம் வகுப்பில், அவளே போகிறேன் என்று சொன்னால் அனுப்புங்கள். என்னை ஐந்தாம் வகுப்பிலேயே அனுப்பிய என் தந்தையார் மீது எனக்குக் கோபமில்லை. ஏற்றுமதிக்காரர்கள் ஆங்கிலத்தில் நீட்டிய தாள்களில் புரியாமல் கையெழுத்திட்டு அவர் பட்ட நட்டம் எனக்குத் தெரியும்.

அங்கே சாப்பாடு எப்படி?
– வாசகர் ஒருவர், திண்டுக்கல்

காலையில் ஓட்ஸ் கஞ்சி. அதை நான் எட்டு ஆண்டுகளில் எட்டு முறை சாப்பிட்டிருந்தால் அதிகம். மதியம் சோறும் குழம்பும் உண்டு. ஆனால் குழம்பு நார்வேக்காரனின் நாக்குக்கும் ஏற்றதாக இருக்க வேண்டும் என்பதால், மிளகாய் வற்றல் வியாபாரியின் மகனுக்கு அது வெந்நீராகத்தான் பட்டது. மலைக் காரட்டும் பிளம்ஸும் பட்டர் பீன்ஸும் மட்டும் இன்றைக்கும் நாக்கில் நிற்கின்றன. மாதம் ஒரு சனிக்கிழமை கடைவீதிக்குப் போக அனுமதி கிடைக்கும்போது, பரோட்டாக் கடையில் நைரோபிப் பையனும் நானும் ஒன்றாக உட்கார்ந்து ஆளுக்கு ஆறு பரோட்டாவைச் சால்னாவில் ஊறவைத்து உண்போம்.

யாழ்ப்பாணத்தில் பிறந்து கனடாவில் வாழ்கிறேன். என் பிள்ளைகளுக்குத் தமிழ் கேட்கத் தெரியும், வாசிக்கத் தெரியாது. நீங்கள் எட்டு ஆண்டுகள் ஆங்கிலச் சூழலில் இருந்தும் இப்படித் தமிழ் எழுதுகிறீர்கள். அங்கே உங்கள் தமிழுக்கு என்ன நேர்ந்தது?
– வாசகி ஒருவர், டொராண்டோ

இந்தக் கேள்விக்குத்தான் நீண்ட பதில் இருக்கிறது. தமிழ்நாட்டு மண்ணில் இருந்த அந்தப் பள்ளியில் தமிழ் விருப்பப் பாடங்களில் ஒன்று. பிரெஞ்சு, இந்தி, தமிழ் என்று மூன்றில் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். "தமிழ்தான் வீட்டிலேயே இருக்கிறதே, காசு கொடுத்து அதையுமா படிக்க வேண்டும்?" என்று கேட்டு என் தந்தையார் பிரெஞ்சில் சேர்த்துவிட்டார். என்னைப் போன்ற தமிழ்ப் பிள்ளைகள் பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தோம். ஒருவரோடு ஒருவர் ஆங்கிலத்தில்தான் பேசுவோம். அப்படிப் பேச வேண்டும் என்று எவரும் கட்டளை இட்டதாக நினைவில்லை. வெட்கம் ஒன்றே போதுமானதாக இருந்தது.

சமையற்கட்டிலும் வாயிற்கதவிலும் சலவை அறையிலும் மட்டும் தமிழ் ஒலித்தது. அங்கே வேலை செய்தவர்கள் பக்கத்து மலைக் கிராமங்களைச் சேர்ந்தவர்கள்; இந்தியாவும் இலங்கையும் 1964இல் செய்துகொண்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து திரும்பி வந்த குடும்பங்களைச் சேர்ந்தவர்களும் அவர்களில் உண்டு. வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்குத் தெரிந்த தமிழ் இருபது முப்பது சொற்கள். அவை பெரும்பாலும் "கொண்டு வா", "சீக்கிரம் போ", "தண்ணி ஊத்து" என்ற வகை. ஐம்பது வயது ஆளைப் பத்து வயதுப் பையன் "நீ" என்று கூப்பிடுவான். அவர்கள் அதைத் திமிரால் செய்யவில்லை, வேறு வடிவம் இருப்பதே அவர்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். விருதுநகரில் மண்டிக்கு வரும் மூட்டைத் தூக்குபவரை நான் "அண்ணாச்சி" என்று அழைத்துத்தான் வளர்ந்தேன். ஆனாலும் இரண்டே மாதத்தில், எல்லோரையும் போல நானும் தலைமைச் சமையற்காரரை "நீ" என்றேன். அவரோ என்னை "வாங்க தம்பி, சாப்பிடுங்க" என்றுதான் அழைத்தார்.

என் தமிழைக் காப்பாற்றியவர் அவர்தான். நான் பள்ளியில் சேர்ந்த மறு ஆண்டு, பாட்டி தன் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் சொல்லி எனக்குக் கடிதம் எழுதுவிக்கத் தொடங்கினார். வருகிற கடிதங்களுக்குக் கண்காணிப்பு இல்லை. அந்தப் பெண்ணின் கையெழுத்து சங்கிலிபோல் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு ஓடும். அச்செழுத்தை மட்டும் எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரிந்த எனக்கு ஒரு வரியும் பிடிபடவில்லை. கடிதத்தை எடுத்துக்கொண்டு, மதியச் சாப்பாடு முடிந்து பாத்திரம் கழுவும் நேரத்தில் சமையற்கட்டின் பின்பக்கம் போனேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கி, பாட்டியின் குரலிலேயே வாசிப்பது போல் வாசித்தார். பசு கன்று போட்டதும், பங்குனிப் பொங்கலுக்கு மாரியம்மன் கோயிலில் கூட்டம் நெரிந்ததும், அம்மா இரவில் சாப்பிடாமல் படுத்துவிடுவதும் அந்தக் கடிதங்களில்தான் எனக்குத் தெரிந்தன. எங்கள் வீட்டுச் செய்தி ஒவ்வொன்றும் முதலில் அவர் காதில் விழுந்த பிறகே என்னை வந்து சேர்ந்தது. என் தந்தைக்கு ஒரு குமாஸ்தா, எனக்கு ஒரு சமையற்காரர்.

ஆறு மாதம் கழித்து, "இனிமே நீங்களே படிங்க" என்று சொல்லிவிட்டார். காய்கறி நறுக்கும்போது கீழே விரிக்கும் பழைய தினத்தாள்களைக் கொடுத்து, உருளைக்கிழங்குத் தோல் ஒட்டிய பக்கத்தை உரக்க வாசிக்கச் சொல்வார். தவறாக வாசித்தால் திருத்த மாட்டார், சிரிப்பார். சிரிப்பு வந்த இடத்துக்கு நானே திரும்பிப் போக வேண்டும். ழகரத்தை நான் அங்கேதான் பிடித்தேன்.

உங்கள் பிள்ளைகளுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றுதான். பாடப் புத்தகத்தைக் கொடுப்பதற்கு முன்னால், அவர்கள் வாசித்தே ஆக வேண்டிய ஒரு கடிதம் அவர்களுக்கு வரட்டும். யாழ்ப்பாணத்தில் இன்னும் அம்மம்மா இருக்கிறார் என்றால், தொலைபேசியில் சொல்லாத ஏதாவது ஒன்றைக் கையால் எழுதி அவர்களுக்கு அனுப்பச் சொல்லுங்கள். நீங்கள் படித்துக் காட்டாதீர்கள்.

பிளஸ் டூவுக்கும் ஐ.பி. படிப்புக்கும் என்ன வேறுபாடு? நீங்கள் எதைப் படித்தீர்கள்?
– கல்லூரி மாணவர், திருச்சி

ஐ.பி. எனப்படும் இன்டர்நேஷனல் பாக்கலோரியட் 1968இல் ஜெனீவாவைத் தலைமையிடமாகக் கொண்டு ஏற்பட்டது. இந்தியாவில் அதன் டிப்ளமா படிப்பை முதலில் தொடங்கிய பள்ளி கோடைக்கானல் இன்டர்நேஷனல் ஸ்கூல்; ஆண்டு 1976. பாடங்கள் ஆறு, பாடத்துக்கு ஏழு புள்ளிகள் வீதம் 42, 4,000 சொற்களுக்கு மிகாத ஆய்வுக் கட்டுரையும் அறிவின் இயல்பைப் பற்றிய ஒரு தாளும் சேர்ந்து மூன்று புள்ளிகள், ஆக மொத்தம் 45. நான் படித்ததும் ஐ.பி.தான். அந்த ஆய்வுக் கட்டுரைக்காக, எங்கள் ஊர் மிளகாய் வற்றல் விலை ஓர் ஆண்டில் ஏறி இறங்குவதைப் பற்றி எழுதினேன். அப்போதுதான் முதன்முறையாக என் தந்தையார் என்னிடம் மண்டிக் கணக்கைப் பிரித்துக் காட்டினார். அதற்கு வந்த மதிப்பெண் சுமார்தான். அந்த ஒரு வாரத்தை விலை மதிக்க முடியாது. படிப்பு முடிந்து சென்னையில் ஒரு கல்லூரியில் சேரப்போனபோது, அந்தச் சான்றிதழைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதில் சதவீதம் எங்கே?" என்று கேட்டார்கள்.

உலகம் முழுக்க நண்பர்கள் இருப்பார்களே, கொடுத்துவைத்தவர்!
– வாசகர் ஒருவர், நாகர்கோவில்

உண்டு. ஆனால் அவர்களில் பலருக்குச் சொந்த ஊர் எது என்று சொல்லத் தெரியாது. அமெரிக்கச் சமூகவியலாளர் ரூத் ஹில் யூசீம் 1950களில் இந்தியாவில் வாழ்ந்த அமெரிக்கக் குடும்பங்களை ஆராய்ந்தபோதுதான், பெற்றோரின் நாட்டுக்கும் வளர்ந்த நாட்டுக்கும் இடையில் நிற்கும் இத்தகைய பிள்ளைகளுக்கு "மூன்றாம் பண்பாட்டுக் குழந்தைகள்" என்ற பெயர் பிறந்தது. என் நார்வே நண்பன் ஓஸ்லோவுக்குப் போன முதல் ஆண்டில், சாப்பிடும்போது இடக்கையை மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தானாம்; அவனுடைய அத்தை கைக்கு ஏதோ ஊனம் என்று நினைத்து மருத்துவரிடம் அழைத்துப் போய்விட்டார். விடுமுறைக்கு விருதுநகர் வந்த என்னைத் தெருப் பையன்கள் "துரை" என்று கூப்பிட்டார்கள். பெரிய துயரம் என்று இதைச் சொல்லவில்லை. கொடுத்துவைத்தவர் என்று எழுதினீர்களே, அதற்காகச் சொன்னேன்.

அந்தப் பள்ளிக்கு மீண்டும் போனீர்களா?
– வாசகி ஒருவர், மதுரை

2018இல் போனேன். குறிஞ்சி பூத்த ஆண்டு அது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பூப்பது என்பதால், பள்ளியில் இருந்தபோது 1982இல் ஒரே ஒரு முறைதான் பார்த்திருந்தேன். மலைச்சரிவு முழுவதும் நீலமாகியிருந்த அந்த வாரத்தில் ஆசிரியர்கள் வகுப்பை நிறுத்திவிட்டு எங்களை வெளியே அழைத்துப் போனார்கள். இந்த முறை, அன்று நீலமாக இருந்த சரிவில் பாதி தங்கும் விடுதிகளாகிவிட்டது. மிச்சமிருந்த பாதியில் பூ இருந்தது.

பள்ளிக்குள் அதிக நேரம் இருக்கவில்லை. ஓய்வுபெற்ற அந்தச் சமையற்காரர் கீழே ஒரு சிற்றூரில் மகனோடு இருக்கிறார் என்று காவலாளி சொன்னார். போனேன். எண்பத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும். திண்ணையில் வெயில் காய்ந்துகொண்டிருந்தார். பெயரைச் சொல்லி, "நல்லா இருக்கீங்களா?" என்று கேட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். பாட்டியின் கடிதங்களை அவர் வாசித்துக் காட்டியதை, உருளைக்கிழங்குத் தோல் ஒட்டிய தினத்தாளை, எல்லாவற்றையும் சொன்னேன். நெடுநேரம் என் முகத்தையே பார்த்தார்.

"கடுதாசியா? எனக்கு அதெல்லாம் ஞாபகம் இல்லையே" என்றார். பிறகு, "கஞ்சியத் தொடாத பய தானே நீ?" என்றார்.